நகை வேண்டாம்

கௌரம்மாவின் இடது கை கழுத்துச் சங்கிலியைப் பிடித்திருந்தது. வலது கை வாயை மூடியிருந்தது. ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்து, விளக்கு வெளிச்சம் பழகாமல் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, விரல் இடுக்கு வழியாக என்னிடம் சொன்னார்.

"யம்மா, போட்டோலே நகெ பேடா. பேடவே பேடா."

நான் சங்கிலியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். வாயை மூடியிருந்த கையைப் பார்த்திருந்தால் இந்த வாரம் உங்களுக்கு எழுத என்னிடம் எதுவும் இருந்திருக்காது. கடையே இருந்திருக்காது என்பார் என் வீட்டுக்காரர். அவர் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள்.

"சரிங்கம்மா, நகை வேண்டாம்னா வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, மேசையில் இருந்த எவர்சில்வர் தட்டை எடுத்து நீட்டினேன். கழற்றி இதில் வையுங்கள் என்று என் கழுத்தையும் காதையும் தொட்டுக் காட்டினேன்.

அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு குழப்பம் வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும்போது இப்படித்தான் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்களாம், போட்டோ மிஷினுக்கும் அதே சட்டம் போல என்று நினைத்துக்கொண்டாராம். இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரியும். அப்போது அவர் இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றினார். ஜிமிக்கியைக் கழற்றினார். ஆறு வளையல்களையும் சோப்புப் போடாமலே வலிக்க வலிக்க உருவினார். தாலியை மட்டும் ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"மூக்குத்தி பரலேதம்மா, இருக்கட்டும்" என்று நான் தமிழையும் தெலுங்கையும் கலந்து பெரிய மனது பண்ணினேன்.

கௌரம்மா தளியைத் தாண்டி ஒரு ஊரிலிருந்து வந்தவர். ரோஜாவும் முட்டைக்கோசும் போடுகிற குடும்பம், வீட்டுப் பேச்சு கன்னடம். ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும். மகன் பைக்கில் கொண்டுவந்து என் ஸ்டூடியோ வாசலில் இறக்கிவிட்டு, மோட்டாருக்குச் சாமான் வாங்க ஓசூர் கடைத்தெருவுக்குள் போயிருந்தான். அவன் கூட இருந்திருந்தால் அரை நிமிடத்தில் எல்லாம் தெளிவாகியிருக்கும்.

கேட்டில் கேட்ட சொல்

நான் ஏன் சங்கிலியைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

ஸ்டூடியோ வைப்பதற்கு முன் பல வருடம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தேன். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஓசூர் வந்த மூன்றாம் மாதமே சேர்ந்துவிட்டேன். சின்னச் சின்னப் பலகைகளில் பொட்டு மாதிரி சாமான்களை வைத்து ஒட்டுகிற வேலை. உடம்பில் துளி உலோகம் இருக்கக் கூடாது. கேட்டில் ஒரு செக்யூரிட்டி அக்கா நிற்பார். பஸ் கண்டக்டர் டிக்கெட் டிக்கெட் என்று கேட்கிற ராகத்திலேயே "நகை, நகை, நகை" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொருவர் காதையும் கையையும் பார்ப்பார். அவர் தலைக்கு மேல் ஒரு போர்டு. "நகை அணிந்து உள்ளே வரக் கூடாது."

கல்யாணமான புதிதில் வந்த பெண்கள் வளையலைக் கழற்றும்போது அழுவார்கள். பிறகு பழகிவிடும். எனக்கும் பழகி, கம்மலைப் போடுவதும் கழற்றுவதும் எதற்கென்று விட்டதில் ஒரு காது ஓட்டை பாதி தூர்ந்தே போய்விட்டது. இன்றைக்கும் யாராவது நகை என்று சொன்னால் என் கை தானாகக் காதுக்குப் போகும்.

போட்டோ எடுக்க வந்ததும் அந்தக் கம்பெனியால்தான். ஒருமுறை புதிதாக அறுபது பெண்கள் சேர்ந்தார்கள். ஐ.டி. கார்டுக்குப் படம் எடுக்க வர வேண்டியவர் வரவில்லை. எச்.ஆர். மேடம் ஒரு கேமராவை என் கையில் கொடுத்து, "புவனேஸ்வரி, நீங்க நிதானமான ஆளு, எடுங்க" என்றார். நிதானத்துக்கும் போட்டோவுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது புரியவில்லை.

வெள்ளைச் சுவர் முன்னால் ஒவ்வொருத்தியாக வந்து நின்றார்கள். எடுத்த படத்தைத் திருப்பிக் காட்டினேன். "அக்கா, இத கார்டுல போடாதீங்க, எனக்குப் பெருசா போட்டுக் குடுங்க, அம்மாவுக்கு அனுப்பணும்" என்று ஒருத்தி கேட்டாள். பின்னால் நின்றவளும் கேட்டாள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த முகங்களை எல்லாம் எந்தப் பக்கத்து வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பத்துப் பேர்

தளி ரோட்டில் ஸ்டூடியோ வைத்தேன். முன்னால் சின்னக் கவுன்டர், பின்னால் திரை கட்டிய அறை. பாஸ்போர்ட் சைஸுக்கு ஆள் வந்தது. பள்ளிக்கூட ஹால் டிக்கெட், ரேஷன் கார்டு, கம்பெனி அப்ளிகேஷன். ஆனால் அதற்கா நான் வேலையை விட்டேன்? சுவரில் மாட்டுகிற மாதிரி முகத்தைப் பெரிதாக, பொறுமையாக எடுக்க வேண்டும். அதற்குத்தான் பின்னறை. அந்த அறையில் வாரக்கணக்கில் நானும் ஒரு மேசை விசிறியும்தான் இருந்தோம்.

ஒருநாள் எச்.ஆர். மேடம் போன் பண்ணினார். லைன் இன்சார்ஜ் இடம் ஒன்று காலியாக இருக்கிறது, அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சேர முடியுமா என்று கேட்டார். நல்ல இடம். மறுப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை, எனக்குப் பிடிக்கவில்லை என்பதைத் தவிர.

வீட்டுக்காரர் நியாயமான மனிதர். பைக் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்டு பார்த்துவிட்டு வந்து, தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"இங்க பாரு புவனா, உன் ஆசைக்கு நான் குறுக்க நிக்கல. இந்த மாசம் முடியறதுக்குள்ள அந்தப் பின்னறைக்குப் பத்துப் பேரு வரட்டும். பாஸ்போர்ட்டு கணக்கு கெடையாது. சொவத்துல மாட்டுற படம். பத்துப் பேரு வந்தா கடை. வரலைன்னா கம்பெனி. சரியா?"

"ஒரே ஆளு ரெண்டு படம் எடுத்தா?"

"ஒரு ஆளுதான்."

சரி என்றேன். மாதம் பிறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. அதுவரை வந்தது மூன்று பேர். அதில் ஒருவர் வீட்டு ஓனர்.

நகை இலவசம்

ஆட்களை வரவழைக்க நான் செய்யாத கோமாளித்தனம் இல்லை. பேப்பருக்குள் நோட்டீஸ் வைத்தேன். அது வடை மடிக்கப் போனதை நானே டீக்கடையில் பார்த்தேன். இன்ஸ்டாகிராமில் படம் போட்டேன். கோவில்பட்டியிலிருந்து சித்தி மகள்கள் எல்லோரும் விடாமல் லைக் போட்டார்கள். அவர்கள் லைக்கை வைத்துக்கொண்டு ஓசூரில் என்ன செய்வது?

கடைசியில் பெங்களூருக்குப் போய் ஒரு பெட்டி நிறையக் கவரிங் நகை வாங்கி வந்தேன். காசுமாலை, ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி, எல்லாம். வாசலில் மஞ்சளும் சிவப்புமாக ஃபிளெக்ஸ் கட்டினேன். "நகை இலவசம்! போட்டோ எடுக்க வாருங்கள்!" கண்ணாடிப் பெட்டியில் தலை முதல் இடுப்பு வரை மின்னுகிற மணப்பெண் படங்களை வைத்தேன். அதில் இரண்டு, இன்னொரு ஸ்டூடியோக்காரரிடம் கேட்டு வாங்கியவை.

முதல் நாளே ஒருவர் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் வந்து, "எத்தன பவுனுங்க?" என்று கேட்டார். அடுத்த நாள் ஒரு பெண் ஒட்டியாணத்தை மட்டும் ரெண்டு நாளைக்குக் கேட்டார். படம் எடுக்க ஒருவரும் வரவில்லை. பக்கத்து டீக்கடை நாகராஜ் அண்ணன் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "கடைய மாத்திக்கினு கவரிங் யாபாரம் பண்ணும்மா, நல்லா போவும்" என்று சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு அவர் டீயைக் குடிக்காமல் பழிவாங்கினேன்.

தளி பஸ்கள் என் கடை முன்னால் வேகத்தைக் குறைக்கும். பக்கத்தில்தான் ஸ்டாப். ஜன்னல் வழியாகப் பெண்கள் போர்டை எட்டிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் கண்களை நினைத்து இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கத்து, கத்தெ

இப்படி இருக்கும்போதுதான் நாலாவது ஆளாகக் கௌரம்மா வந்தார். புது வீடு கட்டியிருக்கிறார்கள், ஹாலில் மாட்டப் பெரிய படம் வேண்டும் என்று மகன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். இருந்த எல்லா நகையும் போட்டுக்கொண்டு வந்தவர், உட்கார்ந்ததும் "நகெ பேடா" என்கிறார். திருடன் பார்ப்பான், கண் படும் என்று கடைசி நேரத்தில் பயந்துவிட்டார் போலிருக்கிறது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

நகைகளைத் தட்டில் வைத்து அவர் பார்வையில் படும்படி மேசையில் வைத்தேன். கேமராவுக்குப் பின்னால் போனேன். அவர் உதடுகளை உள்ளே மடித்து இறுக்கிக்கொண்டார். முகம் பூட்டிய கதவாகிவிட்டது. தலை வேறு கவிழ்ந்திருந்தது.

கன்னட ஆட்கள் வந்தால் பேச வேண்டுமே என்று நாகராஜ் அண்ணனிடம் முன்பே சில சொற்கள் கேட்டு வைத்திருந்தேன். கண்ணுக்குக் கன்னடத்திலும் கண்ணுதான், கைக்குக் கைதான். கழுத்துக்குத்தான் வேறு சொல், கத்து. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கௌரம்மாவைச் சொந்த மொழியில் உபசரித்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

"அம்மா," என்றேன், மோவாயை உயர்த்திக் காட்டி, ரொம்ப மரியாதையாக, "கத்தெ, மேலே! கத்தெ, மேலே!"

கத்து என்றால் கழுத்து. கத்தெ என்றால் கழுதை.

கௌரம்மா ஒரு நொடி என்னை நம்ப முடியாமல் பார்த்தார். பிறகு மடித்து வைத்திருந்த உதடுகள் பிய்த்துக்கொண்டு திறந்தன. வயிறு குலுங்க, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். வாயை மூடக் கையை உயர்த்தினார், கை பாதியிலேயே நின்றுவிட்டது. முன்வரிசையில் ஒரு பல் இல்லை. அந்த இடைவெளி வழியாக அவருடைய சிறுவயது முகம் எட்டிப் பார்த்தது.

நான் அழுத்திவிட்டேன்.

எடுத்ததைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வெறும் கழுத்து, வெறும் காது, அவ்வளவு பெரிய சிரிப்பு. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். இன்று வரை அதுதான்.

மகன் சொன்ன அர்த்தம்

மூன்று நாள் கழித்து மகன் மஞ்சுநாத்தும் கௌரம்மாவும் படம் வாங்க வந்தார்கள். பெரிய ஃபிரேமைத் துணியை விலக்கிக் காட்டினேன். பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

கௌரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மஞ்சுநாத்தின் முகம் சிவந்தது.

"என்னக்கா இது? நகை எங்க? எங்கம்மா அத்தனையும் போட்டுக்கினு தான வந்தாங்க?"

"அம்மாதான் நகை வேண்டாம்னு சொன்னாங்க தம்பி. பேடவே பேடான்னாங்க."

அவன் அம்மாவிடம் கன்னடத்தில் கேட்டான். அவர் கன்னடத்தில் கடகடவென்று சொன்னார், நடுவில் இரண்டு முறை என்னைச் சுட்டிக் காட்டினார். மஞ்சுநாத் தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, நகெ அப்டினா எங்க பாஷைல சிரிப்பு. நீங்க சொல்ற நகைக்கு நாங்க ஒடவென்னு சொல்வோம். எங்கம்மாவுக்குக் கன்னுக்குட்டி முட்டி பல்லு போச்சு. அதனால போட்டோல சிரிப்பு வேணாம்னு சொல்லியிருக்காங்க."

புன்னகை, நகைச்சுவை என்று பள்ளிக்கூடத்தில் எத்தனை முறை எழுதியிருப்பேன். அந்த நகைக்குள் பவுன் எங்கே இருக்கிறது? கம்பெனி கேட்டில் நின்று நின்று எனக்குச் சொந்த மொழியே பாதி மறந்துபோயிருந்தது. அவர் நகை வேண்டும், சிரிப்பு வேண்டாம் என்று வந்தார். நான் நகையைக் கழற்றிவிட்டுச் சிரிக்க வைத்து அனுப்பியிருக்கிறேன். கேட்டதற்கு நேர் தலைகீழாக ஒரு வேலை செய்வது அவ்வளவு சுலபமில்லை.

மன்னிப்புக் கேட்டேன். மறுநாளே மறுபடி எடுத்துக் கொடுத்தேன். இரட்டை வடச் சங்கிலி, ஜிமிக்கி, ஆறு வளையல், இறுக மூடிய வாய். மஞ்சுநாத்துக்குத் திருப்தி. ஹாலுக்கு ஏற்ற படம்தான், தப்புச் சொல்ல முடியாது.

அவர்கள் கிளம்பும்போது மனசு கேட்காமல் கேட்டேன். "அந்தச் சிரிச்ச படத்த என் கண்ணாடிப் பெட்டில வச்சுக்கட்டுமா தம்பி?"

அவன் சொல்வதற்குள் கௌரம்மாவே புரிந்துகொண்டார். "பேடா பேடா. பஸ்ஸுல ஊரே போவுது. பல்லு பாத்து சிரிப்பாங்கோ. அழிச்சிடு."

அவர் முகம், அவர் பல். அவர் கண் முன்னாலேயே கம்ப்யூட்டரிலும் கேமராவிலும் இருந்து அழித்தேன். அழுத்துகிற விரல் வலித்தது என்று சொன்னால் நம்புங்கள். பெரிய ஃபிரேமையும் பிரித்துப் படத்தைக் கிழித்தேன். போஸ்ட்கார்டு அளவில் ஒரு சாம்பிள் போட்டிருந்தேன். அதை மட்டும் அவர் கையில் கொடுத்து, "இதையும் நீங்களே கிழிச்சிருங்கம்மா" என்றேன். அவர் அதைச் சுருக்குப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நாலு பேருதான்" என்றார் வீட்டுக்காரர் அன்றைக்கு. "ரெண்டு தடவ எடுத்தாலும் அவுக ஒரு ஆளுதான்."

அந்த மாதத்தில் எட்டு நாள் பாக்கி இருந்தது. எச்.ஆர். மேடம் ஆதார் ஜெராக்ஸும் பாஸ்போர்ட் போட்டோவும் தயாராக வைக்கச் சொன்னார். மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் கேமராவில் டைமர் வைத்து நானே வெள்ளைத் திரை முன் உட்கார்ந்தேன். கம்பெனியை விட்டபின் மறுபடி போட ஆரம்பித்திருந்த கம்மலைப் பழக்கதோஷத்தில் கழற்றி வைத்திருந்தேன். எட்டுப் படம் போட்ட ஷீட் ஒன்று எடுத்து டிராயரில் வைத்தேன். அழவில்லை. ஆனால் அன்று மதியம் சாப்பிடவும் இல்லை.

முனியம்மாவின் கேள்வி

இரண்டு நாள் கழித்து மழை பிடித்துக்கொண்டது. தளிப் பக்கம் தோட்ட வேலை நின்றுபோகிற மாதிரி மழை. பதினோரு மணிக்கு ஸ்டாப்பில் நின்ற பஸ்ஸிலிருந்து, தலையில் உரச்சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு கௌரம்மா இறங்கினார். பின்னால் மூன்று பெண்கள். மறுபடி என்ன தப்புச் செய்தேன்?

"எல்லாம் நம்ம தோட்டத்துலே பூ அறுக்கறவங்க," என்றார் கௌரம்மா. சுருக்குப் பையிலிருந்து போஸ்ட்கார்டுப் படத்தை எடுத்தார். கிழிக்கவில்லை. ஓரம் எல்லாம் பூச்சாறு பட்டுக் கறுத்திருந்தது. "ரெண்டு நாளா கேக்கறாங்கோ, காட்டு காட்டுன்னு. இப்போ அவங்களுக்கும் இது மாதிரி வேணுமாம்."

மூவரில் முனியம்மாவுக்குத்தான் தமிழ் வீட்டுப் பேச்சு. நாற்பது வயதிருக்கும். கம்மல் இல்லை. ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க இரண்டு காதிலும் ஈர்க்குச்சித் துண்டு செருகியிருந்தார். கண்ணாடிப் பெட்டி மணப்பெண்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, நகை இல்லாதவங்கள நெசமாவே எடுப்பியா?"

"என்னம்மா இப்படிக் கேக்கீங்க? யாரு வந்தாலும் எடுப்பேன்."

"அப்பறம் ஏன் அப்டி போர்டு கட்டி வெச்சிருக்க? நாங்க பஸ்ஸுல போவும்போதெல்லாம் பாத்துக்கினுதான் போவோம். நகை இலவசம்னு போட்டிருக்குது. அப்டினா நகை இருந்தாதான் படம்னு அர்த்தம். இல்லாதவங்களுக்கு எரவல் குடுப்பாங்கன்னு அர்த்தம். எரவல் நகைல படம் எடுத்து ஊட்ல மாட்டுனா, நாளைக்கு என் மருமவ வந்து, அத்த அந்தக் காசுமாலை எங்கனு கேப்பாளா மாட்டாளா? நான் இன்னானு சொல்றது?"

வெட்கம் என்று முன்னே சொன்னேனே, அது இந்த இடத்தில்தான் வந்தது. ஆளைக் கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டு வாசலில் "வராதே" என்று எழுதிக் கட்டியிருந்திருக்கிறேன். பஸ் ஜன்னலில் பார்த்த அத்தனை கண்களும் அதைச் சரியாகப் படித்துவிட்டுத்தான் போயிருக்கின்றன. எழுதிய எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

முனியம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார். ஈர்க்குச்சியைத் தொட்டு, "இத எடுத்துடட்டா?" என்றார்.

"இருக்கட்டும்மா. உங்களுக்கு வேண்டாம்னா எடுங்க."

யோசித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார். முகம் மட்டும் இறுகிக் கிடந்தது. நான் கேமராவுக்குப் பின்னால் நின்று என்ன பேசலாம் என்று தவித்தேன். என் தோளுக்குப் பின்னாலிருந்து கௌரம்மாவின் குரல் வந்தது, என் கோவில்பட்டி உச்சரிப்பிலேயே, அதே மரியாதையோடு.

"கத்தெ, மேலே!"

அந்தக் கதை தோட்டம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் நான் ஃபோகஸ் பண்ணவே திணறிப்போனேன். அன்று மூன்று படங்கள். ஏழு ஆயிற்று.

இரண்டு வரி

அன்று சாயங்காலமே ஃபிளெக்ஸை அவிழ்த்தேன். மணப்பெண்களை எடுத்து உள்ளே வைத்தேன். தகரத்தில் போர்டு எழுதுகிறவரைக் கூப்பிட்டேன். நாகராஜ் அண்ணனோடு சமாதானமாகிக் கன்னடத்துக்கு அவரிடம் யோசனை கேட்டேன். கேட்டதும் அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். இரண்டே வரி. மேலே தமிழில், "நகை வேண்டாம்." கீழே கன்னட எழுத்தில், "நகெ பேக்கு." சிரிப்பு வேண்டும் என்று அர்த்தம்.

வீட்டுக்காரர் ஷிப்டு முடிந்து வந்து போர்டைப் பார்த்தார். கீழ் வரியை வாசித்துக் காட்டச் சொன்னார். "யாரப் பேக்குன்னு எழுதிருக்க? என்னையா?" என்றார். அப்புறம் "நல்லாருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். அவரிடமிருந்து அது வருவது அபூர்வம்.

இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் போர்டைப் படித்துவிட்டு வாசலிலேயே சிரித்தார்கள். ஆனால் நான் எதிர்பார்க்காத ஒரு கூட்டமும் சிரித்தது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி ஹாஸ்டல் பெண்கள் ஐந்து பேர், ஊத்தங்கரை, மத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள், போர்டைப் பார்த்ததும் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அக்கா, இது எங்க கம்பெனி கேட்டு போர்டாச்சே! இங்க எப்டிக்கா வந்துச்சு? செக்யூரிட்டி அக்கா எங்க?"

"நான்தான் செக்யூரிட்டி. உள்ள வாங்க" என்றேன்.

"ஊருக்குப் போறப்போ கம்மல் போட்டுக்கினு எடுக்கலாம்னு ரெண்டு வருசமா தள்ளிப் போட்டுக்கினே இருந்தோம்க்கா," என்றாள் ஒருத்தி, வெறும் காதைத் தடவிக்கொண்டு. "இப்டியே எடுங்க."

ஆளுக்கு ஒரு படம். குரூப் போட்டோ என்று வீட்டுக்காரர் கழித்துவிடக் கூடாது என்று தனித்தனியாகத்தான் எடுத்தேன். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. அவர் மறுநாள் லீவு போட்டுவிட்டு வந்து பின்னறைத் திரையைத் துவைத்துக் கொடுத்தார்.

எச்.ஆர். மேடத்துக்குப் போன் பண்ணி, வரவில்லை என்றேன். "ஏன் புவனேஸ்வரி?" என்றார். "ஆளுங்க வாராங்க மேடம்" என்றேன். அவர், "அன்னைக்கு அந்தக் கேமராவ உங்க கையில குடுத்தது என் தப்பு" என்று சிரித்தார்.

ஒன்றாம் தேதி தாண்டி ஒரு வாரம் இருக்கும், கௌரம்மா தனியாக வந்தார். பூ மார்க்கெட்டில் கூடையை இறக்கிவிட்டு நேரே வந்திருந்தார், கையெல்லாம் ரோஜா வாசம். போஸ்ட்கார்டுப் படத்தைக் கவுன்டரில் வைத்தார்.

"கண்ணாடிலே இடு" என்றார்.

"ஊரே பாக்குமேம்மா. பல்லு?"

"பாக்கட்டும். ஹாலுலே இருக்கறது ஒடவெ. இது நானு."

உலகத்தில் மிச்சமிருந்த ஒரே பிரதி அதுதான். ஸ்கேன் பண்ணும் முன் ஓரத்துக் கறையை வெட்டலாமா என்று கத்தரி தேடி டிராயரைத் திறந்தேன். என்னுடைய பாஸ்போர்ட் ஷீட் மேலே கிடந்தது. எட்டு புவனேஸ்வரிகள், வெறும் காது, இறுகின உதடு. கௌரம்மா அதை எடுத்துத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இதாரம்மா?"

"நான்தாம்மா. கம்பெனிக்காக எடுத்தது. இப்பப் போகல."

அவர் எட்டு முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நகெயே இல்ல" என்றார்.

இந்தத் தடவை எந்த நகை என்று எனக்குச் சரியாகப் புரிந்தது. புரிந்ததும் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டேன்.

கௌரம்மா கவுன்டருக்கு அந்தப் பக்கமிருந்து கையை நீட்டினார். ரோஜா வாசம் அடிக்கிற ஒரு விரலால் என் மோவாயைத் தூக்கினார்.

"கத்தெ," என்றார், "மேலே!"

நான் சிரித்த சத்தத்துக்கு நாகராஜ் அண்ணன் டீக்கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். கேமரா பின்னறையில் இருந்தது. யாரும் படம் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பதின்மூன்றாவது ஆளாக என்னைச் சேர்த்திருக்கலாம். வீட்டுக்காரர்தான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.